கிமோச்சிஸ் பொம்மைகள்: கோபப்படலாம், குத்திப் பேசக் கூடாது

கிமோச்சிஸ் துணிப் பொம்மைகள் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உருவானவை. பார்த்தால் சாதாரணப் பஞ்சுப் பொம்மைதான். ஆனால் கூடவே ஒரு பாடத்திட்டமும் உண்டு. இன்னொரு பிள்ளையோடு தகராறு வந்தால் மனசில் இருப்பதை அடிக்காமல், திட்டாமல், மூலையில் போய் உட்கார்ந்து அழாமல் எப்படிச் சொல்வது என்பதுதான் பாடம். அதை எழுதிய எலன் பிரிட்சர்ட் டாட்ஜ் ஒரு பேச்சு, மொழிச் சிகிச்சையாளர். அந்தத் தொழிலின் முத்திரை பொருள் முழுக்கத் தெரிகிறது. நல்ல பிள்ளையாக இரு என்ற உபதேசம் குறைவு. குரல் எப்படி இருக்க வேண்டும், முகம் எப்படி, கை எங்கே என்பதுதான் அதிகம். இந்த வகைச் சாமான்களில் இதற்கு முதலிடம் கொடுக்கக் காரணமும் அதுவே.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எல்லாப் பொம்மைகளையும் வாங்கத் தேவையில்லை. ஒரு பொம்மையும், உணர்ச்சிக்கு ஒன்றாக வரும் குட்டித் தலையணைகள் ஒரு பையும் போதும். காசுக்குரிய சரக்கு தலையணைகளிலும் "ஏழு சாவிகள்" என்ற பழக்கங்களிலும்தான் இருக்கிறது. பெட்டியைப் பிரித்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டால் சண்டை குறையும் என்று நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். அவர்கள் வீட்டில் இது சீக்கிரமே மற்ற பொம்மைகளோடு கட்டிலடிக்குப் போய்விடும்.

பொம்மைகளை முதலில் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் வைத்திருக்கிறார்கள். க்ளவுட் ஒரு மேகம். தலையைத் திருப்பினால் சிரித்த முகம் போய் சிடுமூஞ்சி வரும். ஹக்டோபஸ் எல்லோரையும் கட்டிப்பிடிக்கும் இளஞ்சிவப்பு ஆக்டோபஸ். எதிரே இருப்பவருக்கு அது பிடிக்கிறதா என்று பார்க்கத் தெரியாது. பக் என்ற கம்பளிப்புழுவுக்கு எதுவும் மாறினாலே பயம். கேட், நாட்டாமை பண்ணும் பூனை. லவி டவ், குஞ்சை வைத்துக்கொண்டு கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும் புறா. தலையணைகளைச் செருகி வைக்க இவற்றின் உடம்பிலேயே பை தைத்திருக்கிறார்கள்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை உள்ள வீட்டுக்கு க்ளவுட் பொருந்தும். தலை திரும்புவதைக் கையால் செய்து பார்க்கலாம் என்பதால், கோபம் வரும், பிறகு போகும் என்பது மூன்று வயசுப் பிள்ளைக்கும் விளங்குகிறது. மழலையர் பள்ளிக்கு ஹக்டோபஸ். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் வரும் தகராறில் பெரும்பங்கு உடம்பு சம்பந்தப்பட்டது: மேலே சாய்வது, இறுக்கிப் பிடிப்பது, வரிசையில் இடிப்பது. அதைப் பேச இதைவிட நல்ல ஆள் கிடையாது. கேட் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. எந்தப் பிள்ளையையும் "நீ அந்தப் பூனை மாதிரி" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு முறை சொன்னால் போதும், வகுப்பு முழுக்க அதையே பட்டப்பெயராக்கிவிடும்.

அடுத்து தலையணைகள். கைக்குள் அடங்கும் அளவு. ஒரு பக்கம் முகம், மறுபக்கம் உணர்ச்சியின் பெயர் ஆங்கிலத்தில். தமிழில் பேசும் வீட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு நாடாத் துண்டில் தமிழில் எழுதித் தைத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. பையில் இருப்பதை மொத்தமாகக் கொட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு. சின்னப் பிள்ளைக்கு நான்கில் ஆரம்பியுங்கள்: சந்தோஷம், வருத்தம், கோபம், பயம். இந்த நான்கையும் சரியாக எடுக்கப் பழகிய பிறகு வாரத்துக்கு ஒன்று கூட்டலாம். ஐந்து வயதுக்கு மேல் ஏமாற்றம், பொறாமை, எரிச்சல், கூச்சம் எல்லாம் வரலாம். இருப்பதிலேயே மதிப்பு மிக்கது, ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்பதைக் காட்டும் தலையணை. "மிஸ், அவன் அடிச்சிட்டான்" என்று வரும் புகாரில் பாதிக்கு அடியில் "என்னை ஆட்டத்துல சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க" என்பதுதான் கிடக்கும். அதைச் சொல்ல வார்த்தை கிடைக்காத பிள்ளைதான் போய் ஆட்டத்தைக் கலைக்கிறது. ஆறேழு வயதில் ஒரே நேரத்தில் இரண்டு தலையணை எடுக்கச் சொல்லுங்கள். கோபத்தோடு வருத்தமும் இருப்பது அப்போதுதான் பிடிபடத் தொடங்கும்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2007இல் வெளியான, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மாத்யூ லீபர்மேன் குழு பெரியவர்களிடம் செய்த ஆய்வு அது. கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலாவின் வேகம் குறைந்தது. அது படத்தைப் பார்த்துச் செய்த சோதனை. நிஜச் சண்டையில் கத்திக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் தலையணையை நீட்டினால் அதே பலன் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. உண்மையில் நீட்டவே கூடாது.

இந்தப் பொருள் பழுதாவது பெரும்பாலும் அங்கேதான். சண்டை வந்தால்தான் தலையணையை எடுக்கிற வீடுகளில், தலையணை என்றாலே விசாரணை என்று ஆகிவிடுகிறது. பிள்ளை அதைப் பார்த்ததும் ஓடும், அல்லது தப்பிக்கச் சந்தோஷத் தலையணையை எடுத்து நீட்டும். சரியான நேரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம். முதலில் பெரியவர் எடுக்க வேண்டும்: "இன்னைக்கு பஸ் நிக்காம போச்சு. எனக்கு எரிச்சலா இருந்துச்சு. ரெண்டு தடவை மூச்சை இழுத்து விட்டேன், அடுத்த பஸ்ல வந்தேன்." அவ்வளவுதான், கதை நீள வேண்டாம். பிறகு பிள்ளையின் முறை. எடுக்க மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்ததற்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள், "இதுக்கெல்லாமா கோபப்படுவாங்க?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால் அடுத்த வாரத்துக்கு அந்தத் தலையணை வெளியே வராது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் கோபத் தலையணை இரண்டு வேண்டும். ஒன்றே இருந்தால் அதற்கே அடிதடி நடக்கும். தூக்கி எறிந்தால் அன்றைக்கு மட்டும் பைக்குள் வையுங்கள், சொற்பொழிவு வேண்டாம்.

பொருளின் உயிர் ஏழு சாவிகளில் இருக்கிறது. முதல் சாவி: பேரைச் சொல்லிக் கூப்பிடு, அவர் பார்க்கும்வரை பொறு, பார்க்காவிட்டால் மெல்லத் தட்டு. எளிதாகத் தெரியும் இதில்தான் பாதிச் சண்டை தீர்கிறது. பிள்ளைகள் முதுகைப் பார்த்துப் பேசுகின்றன. அறையின் அந்தப் பக்கத்திலிருந்து "என் பென்சில குடு" என்று சொல்லி, அது எதிராளி காதில் விழவே இல்லாதபோது கத்தி, பிறகு பிடுங்குகின்றன. பிடுங்கப்பட்ட பிள்ளைக்கு முதல் இரண்டு கட்டங்கள் நடந்ததே தெரியாது.

ஆனால் கண்ணைப் பார் என்பதை நம் வீடுகளில் அப்படியே எடுக்க முடியாது. பெரியவர் பேசும்போது கண்ணைப் பார்த்தால் "என்னடா முறைக்கிற?" என்று கேட்டு வளர்க்கிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் கண் பார்ப்பது சிரமம். ஆகவே முகமும் தோளும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் போதும் என்று விதியை மாற்றிக்கொள்ளுங்கள். தட்டுவதையும் சொல்லிக்கொடுத்துச் செய்து காட்ட வேண்டும்: இரண்டு விரல், தோளுக்குக் கீழே கையின் மேல்புறம், இரண்டே தட்டு. இல்லாவிட்டால் அது குத்தலாகி, சமாதானத்துக்கு வந்தது புதுச் சண்டையில் முடியும். தொட்டால் பிடிக்காத பிள்ளை என்றால், அது பார்க்கும் இடத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் போதும்.

இரண்டாவது, சண்டைக் குரல் வேண்டாம், பேச்சுக் குரல் வேண்டும். இதற்கு நல்ல பயிற்சி, ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்வது. "அது என் பென்சில்" என்பதைக் கத்தி ஒரு தடவை, சிணுங்கி ஒரு தடவை, பேச்சுக் குரலில் ஒரு தடவை. கத்துவதையும் வேண்டுமென்றே செய்யவிடுங்கள். சிரிப்பார்கள், ஆனால் வித்தியாசம் காதில் பதியும். இங்கே எல்லோரும் தடுக்கி விழுவது, மரியாதையான குரல் என்றால் மெதுவான குரல் என்று நினைப்பதில். முணுமுணுத்தால் யாருக்கும் கேட்காது, கேட்காததால் அந்தப் பிள்ளை மறுபடி தோற்கும். இரண்டு கை தூரத்தில் தெளிவாகக் கேட்க வேண்டும், அதுதான் அளவு. "கத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று அடுக்களையிலிருந்து கத்தும் வீட்டில் இந்தச் சாவி எந்தப் பூட்டையும் திறக்காது.

மூன்றாவது முகமும் உடம்பும்: முஷ்டியை விரி, விரலை நீட்டாதே, புருவத்தைத் தளர்த்து. கண்ணாடி முன்னால் இரண்டு நாள் செய்தால் வந்துவிடும்.

நான்காவது, உதவும் சொல்லைத் தேர்ந்தெடு, வலிக்கும் சொல்லை விடு. "நீ" என்று குற்றம் சாட்டாமல் "எனக்கு" என்று தொடங்கிச் சொல்லும் இந்த முறை புதிதல்ல. உளவியலாளர் தாமஸ் கார்டன் 1962இல் பெற்றோருக்கு வகுப்பு நடத்தத் தொடங்கிய காலத்திலிருந்தே பரவியது. மூன்று துண்டு போதும்: என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, இப்போது என்ன வேண்டும். "நீ கேக்காம என் சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்ட. எனக்குக் கோபமா இருக்கு. இனிமே கேட்டுட்டு எடு." நான்கு வயசுப் பிள்ளைக்கு இதுவே நீளம், "நிறுத்து. எனக்குப் பிடிக்கலை" என்பது போதும்.

கள்ள வாக்கியங்களையும் கவனியுங்கள். "நீ ஏமாத்துறேன்னு எனக்குத் தோணுது" என்பதில் எனக்கு இருக்கிறது, உணர்ச்சி இல்லை, அது தீர்ப்பு. ஒரே சோதனைதான்: சொன்னதற்கு ஒரு தலையணை எடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் வேறு வார்த்தை. "எப்பப் பார்த்தாலும்", "ஒரு நாள்கூட" என்பவை வந்தாலும் அப்படியே. எதிராளி உடனே விதிவிலக்கைத் தேடுவான், பேச்சு சைக்கிளை விட்டுப் போய்விடும்.

நம் பக்கத்துச் சிக்கல் ஒன்றை இந்தப் பாடத்திட்டம் எதிர்பார்த்திருக்க முடியாது. "நீ பெரியவன்தானே, விட்டுக்குடு." அல்லது மறுபக்கம், "அண்ணனை எதிர்த்துப் பேசாதே." இரண்டு வாக்கியமும் சண்டையை நிறுத்தும், தகராறைத் தீர்க்காது. பெரியது விட்டுக் கொடுத்து மனசுக்குள் கணக்கு வைத்துக்கொள்ளும். சின்னது, அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். அண்ணா என்று கூப்பிடுவதும் வேண்டாம் என்று சொல்வதும் ஒரே வாயில் வரலாம் என்று காட்டுங்கள்: "அண்ணா, இன்னும் என் முறை முடியலை. ரெண்டு தடவை ஆடிட்டுத் தர்றேன்." எந்த வீட்டில் தம்பி இதைச் சொன்னதும் அதிகப்பிரசங்கி என்று பேர் வாங்குகிறானோ அந்த வீட்டில் மற்ற சாவிகளுக்கும் வேலை இல்லை.

ஐந்தாவதுதான் இந்தத் தொகுப்பின் தனிச் சிறப்பு: தப்பாகப் போனதைத் தைரியமாகத் திருப்பிச் செய். மன்னிப்புக் கேள் என்று தள்ளிவிடுவதற்குப் பதில், நடந்த காட்சியையே மறுபடி நடத்த வேண்டும். இரண்டு பேரும் மூச்சு சீராகும்வரை தனித்தனியே இருக்கட்டும். சின்னப் பிள்ளைக்குப் பத்து நிமிடம், பெரிய பிள்ளைக்கு இருபது நிமிடமும் ஆகலாம். பிறகு அதே இடம். பிடுங்கப்பட்ட பென்சில் அதே கையில். பிடுங்கியவன் மறுபடி வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு, பேச்சுக் குரலில் கேட்கிறான். இவன் தருகிறான், அல்லது "எழுதி முடிச்சிட்டுத் தர்றேன்" என்கிறான், இரண்டும் சரியே. பெரியவர் ஒரு எட்டு தள்ளி நின்று பார்க்கலாம், வசனம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, முதல் வார்த்தை மட்டும் தரலாம். மொத்தம் ஒரு நிமிடம், ஒரே ஒரு தடவை. இன்னும் அழுதுகொண்டிருக்கும்போது செய்ய வைத்தாலோ, விருந்தாளி முன்னால் செய்ய வைத்தாலோ அது அவமானமாகும். கிண்டலாகச் செய்தால் இன்னும் ஆறவில்லை என்று பொருள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். மூன்று நான்கு தடவை திருப்பிச் செய்யச் சொல்வது பழைய இம்போசிஷன்தான்.

திருப்பிச் செய்ய வந்தவருக்கு இடம் கொடு என்பது ஆறாவது. இதற்காகப் "பரவாயில்லை சொல்லு" என்று பிள்ளையை நெருக்க வேண்டாம். "கேட்டேன். இன்னும் கோபம் போகலை" என்பதும் மரியாதையான பதில்தான். நம் பிள்ளைகளுக்குக் கா விடுவதும் பழம் விடுவதும் ஏற்கெனவே தெரியும். கா விட்டதை ஒரு பகல் மதிக்கலாம். திருப்பிச் செய்து முடிந்த பிறகு பழம் விட்டால் அது நிலைக்கும். முன்னாலேயே விட வைத்தால் அடுத்த பீரியடுக்குள் மறுபடி கா.

ஏழாவது சாவி, எதிராளி நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார் என்று முதலில் எடுத்துக்கொள்வது. தெரியாமல் கால் பட்டதற்கும் வேண்டுமென்றே உதைத்ததற்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாத வயதில் இது நல்ல மருந்து. ஆனால் அளவு மீறினால் ஆபத்து. தினமும் ஒரே பிள்ளை ஒரே பிள்ளையைச் சீண்டுகிறது, காசு கேட்கிறது, வேண்டாத இடத்தில் தொடுகிறது என்றால் அது தகராறு அல்ல, துன்புறுத்தல். அங்கே "எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று எதிரில் நின்று சொல்ல வைப்பது, அடிபட்டவனையே மறுபடி அனுப்புவது. பெரியவர் நேரே தலையிட வேண்டும். இந்தியாவில் 1098 என்ற இலவச எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை அழைக்கலாம். பொம்மைத் தொகுப்பின் குறை என்று சொன்னால் இதைத்தான் சொல்வோம்: எப்போது பேச வேண்டும், எப்போது பெரியவரிடம் ஓட வேண்டும் என்ற கோட்டை அது அழுத்தமாகப் போடவில்லை.

அந்தக் கோட்டை நன்றாகப் போடுவது இன்னோர் அமெரிக்கப் பொருள், கெல்ஸோஸ் சாய்ஸ். கெல்ஸோ என்ற தவளை, நடுவில் ஒரு சக்கரம், அதில் ஒன்பது வழிகள்: வேறு ஆட்டத்துக்குப் போ, பகிர்ந்துகொள், பேசித் தீர், விலகிப் போ, கண்டுகொள்ளாதே, நிறுத்தச் சொல், மன்னிப்புக் கேள், பேரம் பேசு, ஆறும்வரை காத்திரு. சின்னப் பிரச்சினை என்றால் இதில் இரண்டையாவது செய்து பார்க்க வேண்டும். பயமோ ஆபத்தோ இருந்தால் அது பெரிய பிரச்சினை, நேரே பெரியவரிடம். தொட்டதற்கெல்லாம் மேசைக்கு வந்து புகார் சொல்லும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இதைச் சுவரில் மாட்டலாம். ஆனால் "பேசித் தீர்" என்று எழுதியிருக்கிறதே ஒழிய, எப்படிப் பேசுவது என்பது படத்தில் இல்லை. அதற்குக் கிமோச்சிஸ் வேண்டும். கண்டுகொள்ளாதே என்ற கட்டத்தைச் சாதுவான பிள்ளைகள் எப்போதும் எடுத்துக்கொள்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கா, கனடாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவை இரண்டும் எளிதில் கிடைக்கும். பிள்ளையின் பள்ளியிலேயே இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள், இருந்தால் வீட்டிலும் அதே வார்த்தைகளைப் பயன்படுத்தலாம். இங்கிருந்து வரவழைப்பவர்கள் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பள்ளிக்கு வாங்கலாம். ஒரு வீட்டுக்காக என்றால் எங்களுக்கு இரண்டு மனசு.

தலையணைகளை வீட்டிலேயே தைக்க முடியும். வெளுத்த பருத்தித் துணி, ஏழு சென்டிமீட்டர் சதுரம், ஒரு உணர்ச்சிக்கு இரண்டு துண்டு. தைப்பதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போது, சாயம் போகாத துணிப் பேனாவால் ஒன்றில் முகம், இன்னொன்றில் சொல். முகத்தைப் பிள்ளையே வரையட்டும். எழுதிய பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து மூன்று பக்கம் தைத்து, திருப்பி, பஞ்சு அடைத்து, நான்காவது பக்கத்தைக் கையால் நெருக்கமாகத் தையுங்கள். சின்னப் பிள்ளை கடித்துப் பிரித்தால் பஞ்சு வாய்க்குள் போகும் என்பதால் தையல் இரட்டையாக இருக்கட்டும். மூன்று வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம். கண்ணுக்குப் பொத்தான் வைக்காதீர்கள். ஆறு தலையணை எழுதி, இரண்டை வெறுமையாக விட்டுவிடுங்கள். பிள்ளை தானாக ஒரு பெயரோடு வரும்போது அதில் எழுதிக்கொள்ளலாம்.